மேலகிரியில் முதல் முறை நடக்கப் போகிறவர்களுக்கு

மார்கழி நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்பதெல்லாம் மலையைப் பற்றியதாகவே இருக்கிறது. மேலகிரி மலைகளில், அதாவது அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் வழிகாட்டியோடு ஒன்றிரண்டு நாள் பை சுமந்து நடந்து பார்க்க ஆசைப்படும் புதியவர்களின் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காடுகளில் நடக்கக் குளிர்காலம்தான் நல்ல காலம். ராகி அறுவடையும் அப்போதுதான். யானைகள் ஊர் ஓரம் வருவதும் அப்போதுதான். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வந்தவை.

"நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கைடு எதற்கு அண்ணா? நாங்களே போய் வரக்கூடாதா?" (பாலக்கோடு)

கூடாது தம்பி. முதல் காரணம் சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அதிலும் நீங்கள் கேட்கும் பகுதியில் பெரும்பாலான இடம் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம். 2014இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். அதற்குத் தெற்கே 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் வந்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே எழுதப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 தடங்கள் திறக்கப்பட்டன. நம் பக்கத்தில் குத்திராயன் மலையும் அய்யூர் பக்கத்து ஒரு தடமும் அதில் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள்.

சட்டத்தை விடுங்கள், இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். வழிகாட்டியாக வருகிறவர் பெரும்பாலும் மலையடிவாரக் கிராமத்துக்காரர். நேற்று ராத்திரி எந்தக் கொல்லையில் யானை இறங்கியது, கூட்டமா ஒற்றையா, விடியும்போது எந்தப் பள்ளத்துக்குத் திரும்பியது என்ற செய்தி அவருக்கு டீக்கடையிலேயே வந்துவிடும். இது எந்த ஆப்பிலும் கிடைக்காது. பாலக்கோட்டில் வளர்ந்தவருக்கும் அந்தக் காட்டில் அன்றைய நிலவரம் தெரியாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவுக் கணக்கில் வைக்காதீர்கள்.

"காலை ஐந்து மணிக்கே இருட்டோடு கிளம்பினால் வெயிலுக்கு முன் உச்சிக்குப் போய்விடலாமே? வழிகாட்டி ஏழரை என்கிறார். சோம்பலா?" (ஓசூர்)

சோம்பல் இல்லை சார், அவர் சரியாகத்தான் சொல்கிறார். மற்ற மலைகளில் விடியலுக்கு முன் கிளம்புவது நல்ல பழக்கம். இங்கே குளிர்காலத்தில் அது ஆபத்து.

காரணம் ராகி. மழை ஓய்ந்து கதிர் முற்றும் நேரத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, நொகனூர், சானமாவு வரை இறங்கி வருகின்றன. பகலில் காட்டுக்குள் நிற்கும். இருட்டியதும் கொல்லைக்குப் போகும். வெளுக்கும் நேரத்தில் மறுபடி காட்டுக்குத் திரும்பும். அந்தத் திரும்புகிற பாதையும் நீங்கள் ஏறப் போகிற ஒற்றையடிப் பாதையும் பல இடங்களில் ஒன்றேதான். போதாக்குறைக்கு டிசம்பர், ஜனவரி காலையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் இருபதடிக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. ராத்திரி முழுக்கப் பரண் மேல் இருந்தவர்கள் பட்டாசு வெடித்து, சத்தம் போட்டு விரட்டியிருப்பார்கள். எரிச்சலோடு திரும்பி வரும் விலங்கின் எதிரில் போய் நிற்பானேன்?

பனி விலகி, வெயில் தரையைத் தொட்ட பிறகு நடையைத் தொடங்குங்கள். மூன்று, மூன்றரைக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உச்சியில் சூரிய உதயம் பார்க்க முடியாமல் போகும். போகட்டும்.

"யானையை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் என்ன செய்வது?" (கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் உட்படப் பலர்)

வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் அவர் என்ன பார்க்கிறார் என்று புரிந்தால் பயம் குறையும், நடையும் சுவைக்கும்.

நல்ல வழிகாட்டி யானையைத் தேட மாட்டார், தடயத்தைத்தான் தேடுவார். லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் குனிந்து நின்று பார்ப்பார். பச்சை கலந்து, ஈரம் மினுங்கி, ஓரத்தில் ஆவி தெரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது. மேல்பக்கம் காய்ந்து பழுப்பேறி உள்ளே மட்டும் ஈரமென்றால் போய் நேரமாகிவிட்டது. குச்சியால் கிளறிக் காட்டச் சொல்லுங்கள், ராகித் தாளும் மூங்கில் நாரும் பிரிந்து தெரியும். ராத்திரி எங்கே சாப்பிட்டது என்பது அதிலேயே இருக்கிறது. ஈரமண்ணில் முன்னங்கால் தடம் வட்டமாகப் பதிந்திருந்தால் அதன் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் வந்துவிடும். புதியவர்களுக்கு இதைச் செய்து காட்டும்போது முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எட்டடி, ஒன்பதடி என்று எண் வந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும்.

தூரத்தில் கண்டால் நின்றுவிடுங்கள். பேச்சு, செல்ஃபி எதுவும் வேண்டாம். காற்று நம் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் வாசனை போய்விடும். வழிகாட்டி கொஞ்சம் மண்ணைத் தூவி அதைத்தான் பார்ப்பார். வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்குவதுதான் பெரும்பாலும் முடிவு. துரத்தினால் முதுகுப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் காட்டும் திசையில் போங்கள். பையை முகர நின்றாலும் நிற்கும், அந்த நேரம் போதும். அதனால்தான் மார்புப் பட்டையை ஒரே இழுப்பில் அவிழ்க்க வீட்டிலேயே பழகச் சொல்கிறேன்.

யானையைவிட எனக்குக் கரடிதான் கவலை. மார்கழி, தையில் இலந்தை பழுக்கும், கரடி புதர் ஓரத்திலேயே இருக்கும். அதற்குக் கண் கூர்மை போதாது. திடீரென்று அருகில் மனிதனைக் கண்டால் மிரண்டு பாயும். புதர் அடர்ந்த வளைவில் வழிகாட்டி காரணமில்லாமல் தொண்டையைச் செருமுவதும், தடியால் கல்லைத் தட்டுவதும் அதற்காகத்தான். அவரை முந்திக்கொண்டு வளைவு திரும்பாதீர்கள்.

"காட்டுக்குள் டெண்ட் போட்டு, தீ மூட்டி, நட்சத்திரம் பார்த்துத் தூங்க வேண்டும். எங்கே அனுமதி கிடைக்கும்?" (தருமபுரி, கல்லூரி மாணவர்)

சரணாலயத்துக்குள் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதே நல்லது. ராத்திரி நேரம் அந்த இடம் நமக்கு உரியதில்லை. காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி போதும், என்ன ஆகும் என்பதைக் குரங்கணியில் பார்த்தோம்.

ஆசையை விட வேண்டாம். ஒரு நாள் நடை, ராத்திரி காட்டுக்கு வெளியே அனுமதியுள்ள தங்குமிடம், மறுநாள் வேறு தடம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம் இருக்கிறது. மலைக் கிராமங்கள் உள்ள வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் வேண்டுமென்றால் அங்கும் வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். நட்சத்திரம் அங்கிருந்தும் தெரியும். இன்னொன்று: தீ அபாயம் கருதிப் பிப்ரவரி நடுவிலேயே தடங்களை மூடிவிடுவார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். திட்டத்தைத் தை மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊர்க் குளிருக்கு ஜாக்கெட் வேண்டுமா?" (அரூர்)

அரூர்க் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி வரை குறையும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஜனவரி ராத்திரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். அதே நாளில் ஒகேனக்கல் பள்ளத்தில் மெல்லிய போர்வை போதும். பகலில் இரண்டு இடத்திலும் வியர்க்கும். கனமான ஒரே ஜாக்கெட்டைவிட, முழுக்கை சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகக் கொண்டுபோய் வேண்டும்போது கழற்றுங்கள். காக்கி, மங்கிய பச்சை நல்லது. வெள்ளையும் பளிச்சென்ற நிறமும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம்.

மழைக்கோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். காட்டாறு பெருகினால் அக்கரையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

"பை எவ்வளவு எடை?" (பென்னாகரம் வாசகர் ஒருவர் பன்னிரண்டு கிலோ என்று பட்டியலே அனுப்பியிருக்கிறார்)

அதிகம். முதல் முறை போகிறவருக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். அறுபது கிலோ ஆளுக்கு ஆறு, ஏழு. அதில் மூன்று கிலோ தண்ணீர். உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று ஜீன்ஸ், ஸ்பீக்கர், இரும்பு டார்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நெற்றியில் மாட்டும் விளக்கு, ஒரு ஜோடி கூடுதல் சாக்ஸ், விசில், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை இவை கட்டாயம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தை பிறந்தால் ஓடைகள் குட்டைகளாகச் சுருங்கிவிடும். அதே குட்டையில்தான் மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளும் இறங்கும். துணியில் வடிகட்டினால் தூசி போகும், கிருமி போகாது. கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

"சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?" (காரிமங்கலம், இல்லத்தரசி)

புளிசாதம், சப்பாத்தி-தொக்கு, அவல், வறுத்த வேர்க்கடலை. நம் மாவட்டத்துக் கடலையைவிட நல்ல நடைத்தீனி எனக்குத் தெரியாது அம்மா. வாழைப்பழமும் பலாவும் வேண்டாம், அந்த மணம் யானையைக் கூப்பிடும். கடலைமிட்டாய் கொண்டுபோனால் மூடியுள்ள டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். இலை, தோல், காகிதம் எதையும் அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

"அந்த மூன்று நாட்களில் பயணம் வந்தால் ரத்து செய்ய வேண்டுமா அண்ணா? வாடைக்கு மிருகம் வரும் என்று பாட்டி சொல்கிறார்." (பெயர் வேண்டாம் என்ற மாணவி)

ரத்து செய்ய வேண்டாம் தங்கச்சி, உடம்பு ஒத்துழைத்தால் போகலாம். பழைய நாப்கினைக் காட்டில் புதைக்காதீர்கள், பன்றி தோண்டி எடுத்துவிடும். காகிதத்தில் சுற்றி, ஜிப் உள்ள பையில் போட்டு, ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஒதுங்க வேண்டுமென்றால் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, இன்னொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாதை ஓரத்திலேயே ஒதுங்குங்கள். தனியாக உள்ளே போவதுதான் ஆபத்து.

"எனக்கு 56 வயது. முட்டி லேசாக வலிக்கும். முடியுமா?" (பர்கூர்)

சோதித்துப் பாருங்கள் ஐயா. இரண்டு மாதம் முன்பே தொடங்கி, வாரம் ஒரு முறை கிருஷ்ணகிரிக் கோட்டை மலையோ ராயக்கோட்டையோ ஏறி இறங்குங்கள். தீர்த்தமலைப் படியும் நல்ல பயிற்சி. கடைசி இரண்டு வாரம் நாலைந்து கிலோ பையோடு ஏறுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவது சரியாகிவிடும். இறங்கும்போது முட்டி வலித்தால் அதுதான் கேள்வி. மறுநாள் காலையும் வலி இருந்தால் அய்யூர் பக்கம் சமமான தடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குத்திராயன் வேண்டாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

"நடை முடிந்து காவிரியில் ஒரு குளியல் போடலாம்தானே?" (நல்லம்பள்ளி)

ஒகேனக்கலில் குளிக்க அனுமதித்த இடத்தில் போடுங்கள், எண்ணெய் தேய்த்தே குளியுங்கள். காட்டுக்குள் ஆழமான மடுவில் கால் வைக்காதீர்கள். அந்த ஆற்றில் முதலை உண்டு. குளிர்காலத்தில் நடுப்பகலில் மணல்திட்டில் வெயில் காயப் படுத்திருப்பதை எதிர்க்கரையிலிருந்தே காணலாம். நீர்நாய்க் கூட்டமும் தெரியும். கரையோர நீர்மருத மரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தாலே குளித்த நிறைவு வரும்.

"திரும்பி வந்து பத்து நாள் கழித்து நண்பனுக்குக் காய்ச்சல். காட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?" (ஊத்தங்கரை)

இருக்கலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் கடியால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் மழை, குளிர் மாதங்களில் இது சகஜம். கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தலைவலியோடு காய்ச்சல் தெரியும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சூடு பட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வலிக்காது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை. பொருக்கு இல்லையென்றாலும் இந்த நோய் இல்லையென்று ஆகாது.

டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்துக்கே கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வெறும் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்க வேண்டாம், நீங்களாக மாத்திரை வாங்கியும் போட வேண்டாம். நண்பரை இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டில் நடந்த தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.