தொண்டை ஆறிவிட்டது, வாய் ஏன் காய்கிறது?

கேள்வி: எனக்கு வயது 51. மேலூரிலிருந்து தினமும் மதுரைக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். காலை முதல் இரவு வரை பேச்சுதான். மூன்று வாரத்துக்கு முன் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தது. டாக்டர் கொடுத்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கை முழுதாகச் சாப்பிட்டேன். வலி போய்விட்டது. ஆனால் வாய் வறண்டே கிடக்கிறது. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். இட்லியைக்கூடத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. மூக்கடைப்புக்காக மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை இன்னும் இரவில் போடுகிறேன். உடம்புச் சூடு என்று வீட்டில் சொல்லி இளநீர், நன்னாரி சர்பத் எல்லாம் கொடுக்கிறார்கள். கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா? இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். காய்ச்சல் இல்லை, விழுங்கும்போது வலி இல்லை என்றால் அந்தத் தொற்று முடிந்த கதை. வாய் காய்வதற்கு ஆன்டிபயாடிக் மருந்தும் இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. மூக்கடைப்பு மாத்திரை, இன்னும் இரவில்.

போன மாதம் இதே புகாரோடு ஒருவர் வந்தார். கன்னத்தின் உட்பக்கம் சிறு கண்ணாடியை வைத்து எடுத்தேன். எச்சில் இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அவருக்கு ஒட்டிக்கொண்டு சதையையும் சேர்த்து இழுத்தது. “வேறு மாத்திரை ஏதாவது?” என்றேன். “ஒன்றும் இல்லை சார்” என்றார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து ஒரு அட்டை கீழே விழுந்தது. பத்தில் ஏழு குழி காலி. “இதுவா? இது சளி மாத்திரைதானே” என்றார். சளி மாத்திரையை மாத்திரைக் கணக்கில் சேர்க்காத பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் மூன்று சரக்கு இருக்கும்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், தும்மலுக்கும் ஒழுகலுக்கும் குளோர்பெனிரமின். இந்தக் கடைசி ஆள் மூக்கில் ஒழுகுவதை நிறுத்தும் அதே கையோடு எச்சில் சுரப்பிக்கு வரும் நரம்புக் கட்டளையையும் மறித்துவிடும். செட்ரிசின், லெவோசெட்ரிசின் வகைகளுக்கு இந்தக் குணம் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே முதல் வேலை, அந்த அட்டையை நிறுத்துவது. நிறுத்திய சில நாளிலேயே வித்தியாசம் தெரிய வேண்டும். பிபி இருக்கிறவர் என்றால் ஃபினைலெஃப்ரினுக்காகவும் இதை நிறுத்துவது நல்லது. ஆனால் டாக்டர் எழுதித் தந்த பிபி மாத்திரை, நரம்பு வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. அவற்றிலும் சில வாயை உலர்த்தும், உண்மைதான். அதைக் கொடுத்தவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மூக்கு. தூங்கும்போது எச்சில் சுரப்பது எல்லோருக்குமே ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் மூக்கும் அடைத்து, வாயைத் திறந்து, தலைக்கு மேல் ஃபேனும் ஓடினால் விடியற்காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் என்ன செய்யும்? வீட்டில் கேட்டுப் பாருங்கள், குறட்டை புதிதாக வந்திருக்கிறதா என்று. படுக்குமுன் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்பிரேயை மூக்கில் அடித்துக்கொள்ளலாம். மூக்கை ‘டக்’கென்று திறந்துவிடும் சொட்டு மருந்துகளை மட்டும் ஐந்து நாளுக்கு மேல் நீட்டாதீர்கள், பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் மூக்கு திறக்காது.

உடம்புச் சூடு என்ற பேச்சை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். காய்ச்சலில் நீர் வற்றும், தொண்டை வலியில் தண்ணீரும் இறங்காது. அந்த வாரத்தில் வாய் காய்ந்ததற்கு அது சரியான காரணம். மூன்று வாரம் கழித்தும் அதையே சொல்ல முடியாது.

நான் கவலைப்படுவது நன்னாரி சர்பத்தைப் பற்றி. நன்னாரி மேல் குற்றமில்லை, அதோடு போகும் சர்க்கரைப் பாகு மேல்தான். 51 வயது, ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர். எழும்போது சிறுநீரும் போகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. தொற்று வந்த உடம்பில் சர்க்கரை ஏறும். அதுவரை தெரியாமல் இருந்த நீரிழிவு இப்படி ஒரு தொண்டைப் புண்ணுக்குப் பின் வெளியே வருவதை அடிக்கடி பார்க்கிறோம். வாய் காய்கிறது என்று சர்பத், சர்பத்தால் சர்க்கரை, சர்க்கரையால் இன்னும் தாகம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டாவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். அதுவரை தண்ணீர், உப்புக் குறைத்த நீர்மோர் போதும்.

கண்ணாடியில் நாக்கையும் பாருங்கள். தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம், வழித்தால் கீழே சிவப்பு என்றால் அது பூஞ்சை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் வருவதுண்டு. சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபமாக வரும். வாயில் பூசும் மருந்திலேயே பெரும்பாலும் போய்விடும்.

வாய் கொப்பளிக்கும் கலர் மருந்து வாங்கியிருந்தால் அதை மூடி வைத்துவிடுங்கள். ஆல்கஹால் கலந்தது இன்னும் உலர்த்தும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. அதில் கொப்பளித்துத் துப்பினால் போதும். கடையில் பேசும்போது பாட்டிலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். தொண்டைக்கு இதம் என்று இனிப்பு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவது மட்டும் கூடாது. எச்சில் இல்லாத வாயில் பல் சொத்தையாக அதிக நாள் ஆகாது.

சுரப்பு உண்மையிலேயே குறைவா, அல்லது காய்ந்த உணர்வு மட்டும்தானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, மெல்லாமல் பேசாமல் உட்கார்ந்து, 15 நிமிடம் ஊறும் எச்சிலை ஒரு சின்ன டம்ளரில் துப்பிச் சேருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து அளந்தால் 1.5 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால், அதோடு கண்ணிலும் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால், மூட்டு வலியும் இருந்தால், அது வேறு நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவைப்படும். சாப்பிடும்போது தாடைக்கு அடியில் வீங்கி, பிறகு வடிகிறது என்றால் எச்சில் குழாயில் கல் இருக்கலாம்.

ஒருபக்கத் தொண்டை வலி திரும்பி வந்து, வாயைத் திறக்க முடியாமல் எச்சில் வழிந்தால், அல்லது மூச்சு விடச் சிரமம் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லை, சர்க்கரையும் சரி, மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமாகியும் வாய் காய்கிறது என்றால் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் பாதி கிழிந்தவை உட்பட.