கேள்வி - பதில்: ராய்லாட் டாக்டர் சாவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதையைப் படித்துக் காட்டினேன். மனைவியின் இரண்டு மகள்களுக்கும் கல்யாணமானால் ஆளுக்கு வருஷம் 250 பவுண்டு தரவேண்டும் என்பதால், டாக்டர் ராய்லாட் பாம்பை விட்டு ஒருத்தியைக் கொன்றுவிடுகிறார். அடுத்தவள் ஹெலனைக் காப்பாற்ற, ஹோம்ஸ் அவள் அறையில் இருட்டில் காத்திருந்து, டாக்டர் அறையிலிருந்து காற்றுத் துவாரம் வழியாக வந்த பாம்பைப் பிரம்பால் விளாசுகிறார். அது வந்த வழியே திரும்பிப் போய் டாக்டரையே கடிக்கிறது. "அப்போ ஹோம்ஸ்தானே கொன்னாரு?" என்கிறாள். அந்தப் பாவம் அவரைச் சேருமா?
- வாசகர், காசிமேடு

பதில்: ஹோம்ஸே, கதையைச் சொல்லும் சிநேகிதன் வாட்சனிடம் ஒப்புக்கொள்கிறார். இந்தச் சாவுக்கு மறைமுகமாக நான்தான் பொறுப்பு, ஆனால் அது என் மனசாட்சியைப் பெரிதாக அழுத்தப்போவதில்லை என்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகைக்குப் புத்தகம் எடுத்துப் படித்த வயசில் அந்த இடத்தில் கைதட்டாத குறை. பிறகு முப்பது வருஷம் கோர்ட் கிளார்க்காகக் கேஸ் கட்டுகளைப் புரட்டியவனுக்கு அதே வரி கொஞ்சம் உறுத்துகிறது.

அடித்ததில் தப்பே இல்லை. தன் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பைக் காப்பாற்றவும் உரிமை உண்டு என்று நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 97-வது பிரிவே சொன்னது. வந்தது பாம்பு, அங்கே பிரிவு எதற்கு?

2015 டிசம்பர் வெள்ளத்தில் வியாசர்பாடியில் எங்கள் குடித்தனத்துக்குள் முழங்கால் தண்ணீரோடு ஒரு பாம்பும் வந்தது. பக்கத்து போர்ஷன் ஆட்டோக்காரர் துணி காயப்போடும் கொம்பால் ஒரு போடு போட்டார். அடி வாலில் பட்டது. அது சரசரவென்று தண்ணீர் போகும் ஓட்டையில் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கம் கைக்குழந்தை. மனுஷன் கொம்பைப் போட்டுவிட்டுச் சுவரைக் குத்தினார் பாருங்கள்: "யக்கா! பாம்பு உங்காண்ட வருது, புள்ளய தூக்கு!" அது சாரை என்று பிறகுதான் தெரிந்தது.

ஹோம்ஸ் அடித்தார், அப்புறம் அந்தக் காற்றுத் துவாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் விசிலடித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பழக்கிய பாம்பு, அது யாரிடம் போகும் என்று அவருக்குத் தெரியும். சரி, அந்தப் பக்கம் இருந்தது குழந்தை இல்லை, கொலைகாரன். மூச்சு விடும் நேரத்தில் அலறல் கேட்டுவிட்டது. கத்தியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. விட்டுவிடலாம்.

நான் விடாதது அடுத்ததை. ஆபத்தான வளர்ப்புப் பிராணியோடு அஜாக்கிரதையாக விளையாடி டாக்டர் செத்தார் என்று விசாரணை முடிந்ததாக வாட்சன் எழுதுகிறார். பிரம்பு எங்கே போச்சு? அந்த அறையில் இரண்டு பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்தது எங்கே? அது ரிக்கார்டில் ஏறியிருந்தால் இப்படி ஒரு முடிவு எழுத எந்த அதிகாரிக்கும் கை வராது. சங்கதியை வெளியே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாராம், ஹெலன் இறந்த பிறகுதான் வாட்சன் வாயைத் திறக்கிறார். சம்பவம் 1883-இல், கதை அச்சானது 1892-இல். அந்தப் பெண்ணின் பெயர் சந்தி சிரிக்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம், அது நியாயம்தான். ஆனாலும் "நான் அடித்தேன், அது அந்தப் பக்கம் ஓடியது" என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் மனுஷனைத் தூக்கிலா போட்டிருப்பார்கள்? பொறுப்பு என்று சிநேகிதனிடம் ரயிலில் சொல்கிறவர், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை. உங்கள் மகள் பாவம் என்று எதையாவது எழுதிக்கொள்ள வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளட்டும், அதையும் பென்சிலால்.

டாக்டர் அந்தப் பாம்பைக் கிண்ணத்தில் பால் வைத்துப் பழக்கினார் என்றும் கதையில் வருகிறது. பாம்பு பால் குடிக்குமா என்று அடுத்துக் கேட்பாள். குடிக்காது. அந்த விஷயத்தில் கதையை எழுதிய கோனன் டாயிலும், ஆடி வெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றும் எங்கள் தெருக்காரர்களும் ஒரே கட்சி.