விற்பவரின் வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மேடவாக்கத்தில் 2014-ல் கட்டிய ஒரு ஃப்ளாட்டை 62 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம். கையில் 23 லட்சம் இருக்கிறது. வங்கி 45 லட்சம் கடன் தருகிறேன் என்கிறது. விற்பவருக்கு வேறொரு வங்கியில் 21 லட்சம் கடன் பாக்கி. "15 லட்சம் முன்பணம் கொடுங்கள், மீதியை நான் போட்டுக் கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்துவிடுகிறேன்" என்கிறார். நிலம் ஒரு குடும்பத்தின் பூர்வீகச் சொத்து. அப்பா இறந்த பிறகு இரண்டு மகன்கள், தங்கள் சார்பில் விற்க பில்டருக்கு அதிகாரம் தரும் பவர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வங்கியின் வக்கீல் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். இன்னொரு வக்கீல் தேவையா? பத்திரம் வங்கியில் இருக்கும்வரை வீடு யாருடையது? நடுவில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவியின் நிலை என்ன?
- சென்னை வாசகர்

பதில்: முதலில் அந்த 15 லட்சம். அதை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கணக்கில் பணம் விழுந்த பிறகு அது கடனுக்குப் போகிறதா, வேறு அவசரத்துக்குப் போகிறதா என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. இதே மாதிரி முன்பணம் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருடம் வாடகையும் கட்டிக்கொண்டு, பத்திரத்துக்காக அலைந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். கடைசியில் பணம் வந்தது. ஆனால் வட்டி இல்லாமல், நான்கு தவணையில்.

சரியான வழி இதுதான். விற்பவர் தன் வங்கியில் இரண்டு கடிதங்கள் வாங்கித் தர வேண்டும். இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்பது ஒன்று. எந்தெந்த அசல் ஆவணங்கள் எங்களிடம் இருக்கின்றன என்ற பட்டியல் இன்னொன்று. அதை வைத்து நீங்கள் கொடுக்கும் தொகைக்கு அந்த வங்கியின் பெயரில், விற்பவரின் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு டிடி எடுங்கள். அவர் போடவேண்டிய மீதியையும் அதே நாளில் கட்டச் சொல்லுங்கள். கடன் முடிந்ததும் அந்த வங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து பழைய அடமானத்தை ரத்து செய்து தர வேண்டும். ரத்தானது வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிரையம்.

இதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு, பலர் யோசிப்பதில்லை. விற்பவருக்குக் கடன் கொடுத்திருக்கும் வங்கியிலேயே உங்களுக்கும் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அசல் பத்திரங்கள் ஏற்கெனவே அவர்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. பழைய கடனை முடித்துப் புதிய கடனைத் திறப்பது அவர்களுக்குப் பெரும்பாலும் உள்வேலைதான். வட்டி கால் சதவீதம் கூடுதலாக இருந்தாலும் இந்த நிம்மதிக்காக நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

எந்த வழியில் போனாலும், பைசா கொடுப்பதற்கு முன் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். செலவாகிறதே என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிந்தால் உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அவர் வேறொருவரிடம் விலை பேசப் போனால் அங்கே தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ஆவணக் குறையால் வங்கி கடன் தர மறுத்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் "நான் விற்கத் தயார், உங்களிடம்தான் பணமில்லை" என்று சொல்லி அவர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

இப்போது வக்கீல் விஷயம். இன்னொரு வக்கீல் கண்டிப்பாகத் தேவை. உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. அசல் பத்திரங்கள் வேறு வங்கியில் இருக்கும்போது உங்கள் வங்கியின் வக்கீல் பார்த்தது ஜெராக்ஸைத்தான். அப்புறம், அவர் கருத்துரை எழுதுவது வங்கிக்கு. கொடுத்த கடனைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. நாளைக்கு உரிமையில் சிக்கல் வந்தால், "உங்கள் வக்கீல் சரி என்றாரே" என்று சொல்லி ஒரு மாதத் தவணையைக்கூட நிறுத்த முடியாது. வீடு போனாலும் கடன் போகாது. பதிவாகிவிட்டால் உரிமை உறுதி என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பார்க்க வேண்டியது நாம்தான்.

உங்கள் வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்தக் குடும்பத்தில் மகள்களே இல்லையா? இறந்தவரின் மனைவி, அம்மா யாராவது உயிரோடு இருந்தார்களா? நம் ஊரில் பெரும்பாலான உரிமைத் தகராறுகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அம்மாவை மறந்துவிடுவார்கள், "கல்யாணத்தில்தான் சீர் செய்துவிட்டோமே" என்று சகோதரிகளை விட்டுவிடுவார்கள். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆகவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பவர் பத்திரத்திலோ பாகப்பிரிவினையிலோ தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திலோ கையெழுத்தாக இருக்க வேண்டும். அன்று யாராவது மைனராக இருந்தால் அவர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வாங்கினார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை என்றால், வாங்குவதற்கு முன்பே அவரிடம் விடுதலைப் பத்திரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஃப்ளாட் வேண்டாம். மேடவாக்கத்தில் வேறு ஃப்ளாட் கிடைக்கும்.

பவர் பத்திரத்தைப் பொறுத்தவரை, பில்டர் விற்ற தேதியில் பவர் கொடுத்த இருவரும் உயிரோடு இருந்தார்களா, பவர் ரத்தாகாமல் இருந்ததா என்பதே கேள்வி. கொடுத்தவர் இறந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பவரும் முடிந்தது.

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். ஆனால் அது சுத்தமாக வந்தாலே போதும் என்று இருந்துவிட வேண்டாம். பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், நடக்கும் வழக்குகளில் பல அதில் வராது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் அடமானத்துக்கும் 2012 டிசம்பருக்கு முன் இங்கே பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஃப்ளாட் 2014-ல் கட்டியது. நிலத்தின் மீது 2012 டிசம்பருக்கு முன் யாராவது அப்படிக் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்று மௌனமாக இருக்கலாம். அதற்காக, அடமானங்களை வங்கிகள் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு 2011-லிருந்து இருக்கிறது. மிகச் சிறிய கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் தேடலாம். தேடிவிடுங்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடமும் கட்டிய கட்டடமும் ஒத்துப்போகின்றனவா, கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் ஃப்ளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு, சொத்து வரி, பராமரிப்புப் பாக்கி ஏதும் உண்டா என்பதையும் வக்கீல் சேர்த்தே பார்த்துவிடுவார்.

பணக் கணக்குக்கு வருகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு 5 லட்சத்து 58 ஆயிரம். இதற்கு வங்கி கடன் தராது. விலையில் நீங்கள் போட வேண்டிய 17 லட்சத்தையும் சேர்த்தால் 22 லட்சத்து 58 ஆயிரம். மிஞ்சுவது 42 ஆயிரம். அதில்தான் வக்கீல் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு, வங்கிக் கட்டணம், பெயிண்ட், சாமான் ஏற்றும் வண்டி எல்லாம். இது போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பதால், 48 லட்சம் கேட்டு 3 லட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நிலைமை சீரானதும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிடலாம்.

விலை 50 லட்சத்தைத் தொடுவதால் 1 சதவீதம், அதாவது 62,000 ரூபாய், விற்பவருக்குத் தரும் தொகையில் டிடிஎஸ் (அவருடைய வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. முன்பணத்திலும் பிடிக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள். "கொஞ்சம் ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துப் போடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தவறு. பத்திர விலை குறைந்தால் கடனும் குறையும். ரொக்கமாகப் போனதற்கு உங்களிடம் எந்தச் சாட்சியும் இருக்காது.

வீடு யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். கிரையம் பதிவான நாளிலிருந்து உங்களுடையது. வங்கிக்கு அதன் மேல் இருப்பது அடமான உரிமை மட்டும். ஆனால் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் (திரும்ப வராத கடன்) என்று வகைப்படுத்தப்படும். 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டை எடுத்து விற்கலாம். வேலை போய்விட்டால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள்.

மனைவியைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். கடனில் மட்டும் அவரை இணைத்துவிட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டால், முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பு, வீட்டிலோ நேரடிப் பங்கு இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால், மேலே சொன்ன அதே வாரிசுக் கணக்கு உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். ஆகவே இருவரும் உயிலும் எழுதிவிடுங்கள். கடனுக்கு ஈடாக 50 லட்சத்துக்கு டேர்ம் இன்சூரன்ஸ் தனியாக எடுங்கள். வங்கி கையில் திணிக்கும் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அந்த பிரீமியத்தையும் கடனில் சேர்த்து அதற்கும் 20 வருடம் வட்டி வாங்குவார்கள்.

பதிவு முடிந்ததும் அசல் கிரையப் பத்திரம் வங்கிக்குப் போகும். ஒப்படைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பெயர், எண், பக்கத்தோடு கையெழுத்திட்ட பட்டியல் வாங்கி, மனைவிக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் எல்லா அசலையும் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டு வாங்க, இன்றைக்கு வாங்கும் இந்தப் பட்டியல்தான் ஆதாரம்.