பரணில் கிடக்கும் மடிக்கணினி

கும்பகோணத்தில் 19 ஆண்டுகளாக மடிக்கணினி, போன் சர்வீஸ் கடை நடத்திவருபவர், பழைய மின்னணுப் பொருட்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

பரணை ஒழித்தபோது, என் மகன் பிளஸ் டூ படிக்கையில் வாங்கிய அரசு மடிக்கணினி, இரண்டு பட்டன் போன், ஒரு குண்டு மானிட்டர், ஒரு பை நிறையச் சார்ஜர்கள் கிடைத்தன. பழைய பேப்பர் கடைக்காரர் மொத்தத்துக்கும் 400 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா அம்மா?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாடுதுறை

மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள் ஐயா. முதலில் அந்த மடிக்கணினியைத் தனியே எடுத்து வையுங்கள். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மடிக்கணினி கிடைத்தது. அதில் எத்தனையோ மடிக்கணினிகள் இன்றைக்கும் உங்கள் வீட்டில் போலவே பரணில்தான் தூங்குகின்றன.

என் மேசைக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். “செத்துப்போச்சு, பார்ட்ஸுக்கு எடுத்துக்கோங்க” என்று சொல்லித்தான் தருவார்கள். போன மாதம் திருப்பனந்தாளிலிருந்து ஒன்று வந்தது. அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. ராம் எனும் நினைவகப் பலகையின் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. காய்ந்து சுண்ணாம்பாகிப்போன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். திரை வந்துவிட்டது. ஹார்டு டிஸ்க் போயிருந்ததால் அதன் இடத்தில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, செகண்ட்ஸ் ராம் ஒன்றைக் கூடச் சேர்த்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய் ஆனது. இப்போது அது நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. உங்களுடையதும் அப்படி எழுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் பேட்டரி போயிருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கரண்டில் செருகியே ஓட்டலாம்.

மானிட்டரைத் தூக்கும்போது கவனம். அதன் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே வெளியே வராமல் தடுப்பதற்காகச் சேர்த்தது அது. குழாய் உடையாமல் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்காகக் குழாயை உடைத்து, கண்ணாடியைக் குளத்தங்கரையில் கொட்டிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேப்பர் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து நம் ஊரில் எதையும் வீணாக்காமல் பிரித்தெடுத்தவர்கள் அவர்கள்தான். என் கடையில் நான் மாட்டும் ஹிஞ்ச் (திரையைத் திறந்து மூடும் கீல்), கீபோர்டு பாதி காயலான் கடையிலிருந்துதான் வருகிறது. சிக்கல் என்னவென்றால், ஒயரை உரிப்பதைவிடக் கொளுத்துவது சீக்கிரம் முடிகிற வேலை. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு புகையில் வரும். அதை முதலில் சுவாசிப்பது கொளுத்துகிறவரும் அவர் பிள்ளைகளும்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் இரும்பு, அலுமினியம் எது இருந்தாலும் அவருக்கே கொடுங்கள். ஓடுகிற சார்ஜர்களை ஏதாவது சர்வீஸ் கடையில் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். மானிட்டர், பட்டன் போன், அறுந்த சார்ஜர்கள் மூன்றும் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருளை மறுசுழற்சிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அதைத் தயாரித்த கம்பெனிக்கு உண்டு. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, பக்கத்தில் சேகரிப்பு மையம் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் நம் மாதிரிச் சின்ன ஊர்களுக்கும் மையங்கள் வரும்.

பீரோவில் நான்கு பழைய போன்கள் இருக்கின்றன. குடும்பப் படங்கள் யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்ற பயத்தில் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.
- வாசகி, மன்னார்குடி

உங்கள் பயம் நியாயமானது அக்கா. என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. யாரும் உங்களைக் கேலி செய்ய விடாதீர்கள்.

ஓடுகிற போன் என்றால் படங்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றுங்கள். அடுத்து செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்குகிறவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் அடம்பிடிக்கலாம், அப்படியானால் அவருக்கு அது உதவாது.

கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆண்ட்ராய்டு போன்கள் உள்ளே இருப்பதைப் பூட்டித்தான் சேமிக்கின்றன. ரீசெட் செய்ததும் சாவி அழிந்துவிடும், படங்களை மீட்பது நடக்காத காரியம். ரொம்பப் பழைய போன் என்றால் ரீசெட்டுக்குப் பிறகு கேமராவைச் சுவரைப் பார்க்க வைத்து, இடம் நிரம்பும்வரை வீடியோ எடுத்துவிட்டு மறுபடியும் ரீசெட் செய்யுங்கள். பழைய படங்கள் இருந்த இடமெல்லாம் சுவர்ப் படம் நிரம்பிவிடும். ஆன் ஆகாத போனைத் தெரிந்த சர்வீஸ் கடையில் உங்கள் கண் எதிரே திறக்கச் சொல்லி, மெமரி சிப்பை உடைத்து வாங்கிய பிறகு மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம்.

போன் பேட்டரி உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா?
- வாசகர், திருவாரூர்

கூடவே கூடாது. குத்தினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அழுத்தாமல், மணல் போட்ட ஒரு தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். சர்வீஸ் கடைக்கும் அந்த டப்பாவோடேயே கொண்டுபோங்கள். குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் நின்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய சர்க்யூட் போர்டுகளிலிருந்து ஆசிட் வைத்துத் தங்கம் எடுக்கும் வீடியோ பார்த்தேன். வீட்டிலேயே சிறிய அளவில் தொடங்கலாமா?
- ஐடிஐ மாணவர், பட்டுக்கோட்டை

தம்பி, தொடங்காதே. உனக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் 78,985 டன் பழைய மின்னணுப் பொருட்களைச் சேகரித்தார்கள். அதில் சுமார் 62 லட்சம் கைபேசிகளும் இருந்தன. பெரிய உலைகளும் கை தேர்ந்தவர்களும் வைத்து அவ்வளவிலிருந்தும் எடுத்த தங்கம் வெறும் 32 கிலோ. உன் வீட்டுக் கொல்லையில் ஒரு சாக்கு போர்டிலிருந்து என்ன கிடைக்கும் என்று நீயே வகுத்துப் பார்.

என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் எனக்குத் தெரியாமல் இதைச் செய்தான். நைட்ரிக் அமிலத்தில் போர்டு பட்டதும் செம்பழுப்பாக ஒரு புகை கிளம்பும். அப்போதைக்குத் தொண்டை கரகரப்பதோடு சரி. ராத்திரி அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தான். மிச்ச அமிலத்தைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றியிருந்தான். பத்தடி தள்ளி அடிபம்பு, தெருவே குடிக்கிற தண்ணீர். அவன் அம்மா என் கடை வாசலில் வந்து நின்ற நாளை என்னால் மறக்க முடியவில்லை.

போர்டில் உனக்கு ஆசை இருந்தால் சால்டரிங் பழகு. மல்டிமீட்டர் வைத்து எந்த ஐசி (சிப்) ஷார்ட் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கள் தொழிலில் எப்போதும் வேலை உண்டு. ஒரு போர்டைச் சரிசெய்தால் கிடைக்கும் கூலி அதிலிருக்கும் தங்கத்தின் விலையைப்போல் பல மடங்கு. சனிக்கிழமை மதியம் கடைக்கு வா, கற்றுத்தருகிறேன்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் பழைய போன், டேப்லெட் பத்துப் பன்னிரண்டு தரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? இணைய வசதி சரியில்லாத ஊர்.
- ஆசிரியை, வேதாரண்யம் பக்கம்

டீச்சர், என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் போனுக்குப் போனபோது நாங்கள் சிலர் சேர்ந்து 40 பழைய போன்களைத் திரட்டி ஒரு கிராமத்தில் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஓடியவை 11. சிலதில் கூகுள் பூட்டு விழுந்திருந்தது, சிலதில் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. பாக்கி வீடுகளில் ரீசார்ஜுக்குக் காசு இல்லை. ஒரு பாட்டி போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். “புள்ளைக்குத் தொடத் தெரியல சாமி, ஒடைஞ்சிருமேன்னு வச்சிருக்கேன்” என்றார். அவருக்கு ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அதனால் பன்னிரண்டு வேண்டாம். மூன்று நல்ல மடிக்கணினி கேளுங்கள். சிறு திரையில் பிள்ளைகள் பார்க்க மட்டும்தான் முடியும். மடிக்கணினியில் எழுதவும் முடியும். பேட்டரி நன்றாக இருக்கிற மடிக்கணினியாகப் பாருங்கள், புயல் மழையில் கரண்ட் போகிற ஊர் உங்களுடையது. லினக்ஸ் போட்டால் உரிமத்துக்குக் காசு வேண்டாம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுபோனதைப் பற்றியும் கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகையை அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இணையம் இல்லாததற்கும் வழி இருக்கிறது. கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து வைத்துவிடலாம், இணையமே இல்லாமல் திறக்கும். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள். போன வருடம் ஒரு படிப்பகத்தில் இதை வைத்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் வேலையாகத் தன் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தான், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. ஊர் வந்தது. நாலே வரிதான் இருந்தது. “இதுல எங்க ஏரியப் பத்தி இல்லையே, யார்கிட்ட சொல்லணும்?” என்று கேட்டான். அன்றைக்கு சாயங்காலம் முழுக்க ஏரியைப் பற்றி அவனும் அவன் அக்காவும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பழைய மாணவர்களிடம் பொருளோடு இன்னொன்றும் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அந்த அறையில் உட்கார ஒருவர். ஊரில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை யாராவது போதும், பஸ் காசு கொடுத்துவிடுங்கள். அவரிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டும் தூசி தட்டும் பிரஷ்ஷும் இருக்கட்டும். திறந்து பார்க்கும் பயம் போய்விட்டால் பாதிப் பழுதை அவரே சரிசெய்துவிடுவார்.

மடிக்கணினிகள் கைக்கு வந்ததும் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சார்ஜர் பின்னையும் படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். என்னிடம் இரண்டு டப்பா நிறைய அடாப்டர் இருக்கிறது, பொருந்துவதைத் தேடி அனுப்புகிறேன்.