ஆசிரியராக ஒரு ஐடி கம்பெனி வளாகத்துக்குள் போய்ப் பார்த்ததில் உங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டது எது?

அவர்களுடைய லேப். அதைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் நல்லதொரு சுற்றுலா போய்வந்த திருப்தி மட்டும்தான் இருந்திருக்கும்.

ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். கல்லூரிகளுக்காக இன்ஃபோசிஸ் 2004-இல் தொடங்கிய ‘கேம்பஸ் கனெக்ட்’ திட்டத்தில் ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு. அப்படித்தான் மைசூர் வளாகத்துக்குப் போனேன். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டால் சாமராஜநகர் வழியாக மைசூர் எட்டிவிடும் தூரம்தான்.

வளாகம் 300 ஏக்கருக்கு மேல். கண்ணாடி உருண்டை மாதிரி ஒரு சினிமா அரங்கம், 2009-இல் சோனியா காந்தி திறந்துவைத்த, ரோமானியத் தூண்கள் வைத்த பயிற்சி மையம் என்று வாய் பிளந்து பார்க்க நிறைய இருக்கிறது. போட்டோக்களில் எல்லோரும் பார்த்ததுதான், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒரு மதியம் புதிதாகச் சேர்ந்தவர்களின் லேப் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கொடுத்தார்கள். என் பக்கத்து சீட்டில் எங்கள் கல்லூரியிலேயே மெக்கானிக்கல் முடித்த ஒரு பெண். முதல் செமஸ்டரில் என்னிடம் பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழி படித்தவள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், எல்லாப் பிரிவுக்கும் அந்தப் பாடம் பொதுவாக இருந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள்.

அன்றைய பயிற்சி ரொம்பச் சின்னது. நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு அபராதம் என்று கணக்குப் போட வேண்டும். புரோகிராம் ஓடியது, விடையும் சரி. எங்கள் லேபில் அந்த இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவள் கிளம்பவில்லை. நாள் கணக்கில் மைனஸ் மூன்று என்று போட்டாள். அபராதம் மைனஸில் வந்தது. என் பக்கம் திரும்பி, “நூலகம் நமக்குக் காசு தருதுங்க மேம்” என்று சிரித்தாள். அதைச் சரிசெய்தாள். பிறகு, “ஒன்னுமே போடாம என்டர் தட்டுனா என்னங்க மேம் ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் எர்ரர். பயிற்றுநர் வந்தார். விடை சொல்லவில்லை. “எந்த வரியில் நின்றது? அந்த வரியைப் படி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவள் படித்தாள், கண்டுபிடித்தாள்.

எங்கள் பிராக்டிகல் எப்படி நடக்கும் என்று இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். குலுக்கலில் ஒரு கேள்வி எடுக்க வேண்டும். எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு புரோகிராமை மனப்பாடம் செய்தவன் தப்பித்துவிடுவான். எர்ரர் வந்தால் மார்க் போச்சு. அதனால் எர்ரர் என்றாலே பிள்ளைகளுக்கு நடுக்கம். அந்தச் சிவப்பு எழுத்தைப் படிக்கவே மாட்டார்கள், நேராக நம்மைக் கூப்பிடுவார்கள். எர்ரரை நிதானமாகப் படிக்கிற அந்தப் பழக்கத்துக்குக் கோடிக்கணக்கில் கட்டடம் தேவையில்லை, ஓட்டைக் கணினி இருந்தாலே போதும். நான்கு வருடம் பிள்ளைகளைக் கையில் வைத்திருந்தும் நம் பாடமுறை அதைக் கொடுக்காமல் அனுப்புகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

அங்கே எல்லாமே சொர்க்கம் என்று சொல்லவும் மாட்டேன். உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறாவிட்டால் வேலை கிடையாது. 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்டவர்களை அப்படி அனுப்பினார்கள். அவர்களில் பலர் 2022-இல் ஆஃபர் கையில் வாங்கி, இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் சேர்ந்தவர்கள். அவ்வளவு நாள் காக்க வைத்த பிள்ளைக்குச் சில மாதத்தில் கதவைக் காட்டுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு கம்பெனிகளை வேண்டாமென்று விட்டுவிட்டு, கல்விக்கடன் வட்டி ஏற ஏற வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆஃபர் லெட்டர் வந்ததும் படிப்பை நிறுத்திவிடாதே, புரோகிராம் எழுதுவதை ஒருநாளும் விடாதே என்று இப்போது இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறேன்.

திரும்பி வந்து லேபில் ஒரு மாற்றம் செய்தேன். ரெக்கார்டு நோட்டை ஒழிக்க முடியாது, பல்கலைக்கழகம் கேட்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி அரைமணி நேரம், நானே தப்பு வைத்த புரோகிராம் ஒன்றைக் கொடுக்கிறேன். தப்பைத் திருத்துவதற்கு முன், எர்ரர் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவருடைய புரோகிராமை எதையாவது கொடுத்து உடைக்க வேண்டும். இதில் பிள்ளைகளுக்கு வருகிற உற்சாகம் இருக்கிறதே, மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை.

நீங்கள் பிள்ளைகளை இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப் போவதாக இருந்தால், அனுமதிக் கடிதத்திலேயே ஒரு பயிற்சி வகுப்பையோ லேபையோ பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பிரசன்டேஷன், வளாகம் சுற்றல், ஃபுட் கோர்ட் என்று முடித்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் கல்லூரியில் படித்து அங்கே இருப்பவர்கள் யாரென்று பிளேஸ்மென்ட் ஆபீஸரிடம் முன்கூட்டியே விசாரித்து, அவர்களில் ஒருவரையாவது பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிடுங்கள். முடிந்தவரை சிவில், மெக்கானிக்கல் படித்த ஒருவராகத் தேடிப் பிடியுங்கள்.