மணல் வெளுத்தது, மீன் மெலிந்தது

கேள்வி: எங்கள் வீட்டில் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி உள்ளது. மணலில் படியும் பழுப்புப் பாசியை நீக்கும் என்று கடைக்காரர் சொன்னதால் டைமண்ட் கோபி மீன் ஒன்றை வாங்கி விட்டேன். இரண்டு மாதத்தில் மணல் பளிச்சென்று வெளுத்துவிட்டது. ஆனால் மீனின் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. இது நோயா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் இது பட்டினிதான். வேலன்சியென்னியா புயெல்லாரிஸ் என்னும் இம்மீன் பாசியைத் தின்பதில்லை. மணலை வாய் நிறைய அள்ளி, தாடையை அசைத்து மென்று, அதில் ஒளிந்திருக்கும் கோப்பிபாட் போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகளையும் சிறு புழுக்களையும் செவுள் முட்களில் தடுத்து வைத்துக்கொண்டு, வெறும் மணலைச் செவுள் வழியே கொட்டிவிடுகிறது. மணல் ஓயாமல் புரள்வதால் பாசி தங்க இடமில்லாமல் போகிறது, அவ்வளவே. மணல் வெளுத்த வேகத்திலேயே அதிலிருந்த உணவும் தீர்ந்திருக்கும். பவளத்திட்டுகளை ஒட்டிய மணற்பரப்பில் பகல் முழுவதும் மேய்ந்து பழகிய மீனுக்கு நாளுக்கு ஒரு வேளை உணவு எவ்விதத்திலும் போதாது.

ஆகவே, உறைந்த மைசிஸ் இறாலைப் பனி உருகவிட்டு, ஊறவைத்த சிறுமணித் தீவனத்துடன் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். நீரோட்டப் பம்பைச் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டினால் (உறிஞ்சுகுழலால்) அதன் வளை வாயிலருகே மணல்மீதே இடுங்கள். மேலே தூவினால் மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும். எதிரிலிருந்து பார்க்கையில் வயிறு மெல்ல உருண்டு திரள்கிறதா என்று கவனித்து வாருங்கள். நன்றாகத் தின்றும் தேறாவிட்டால் குடற்புழுவைச் சந்தேகித்துத் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். அங்கும் ஒரு தட்டில் மணல் வைப்பது அவசியம். மணல் இல்லாத இடத்தில் இம்மீன் மிரண்டுபோகும்.

மணல் மாவுபோல் நுண்ணியதாக, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இருக்கட்டும். கூரிய பவளத்துண்டுகள் வாயையும் செவுளையும் கிழித்துவிடும். பாறைகள் மணலின்மேல் நிற்கின்றனவா, அடிக்கண்ணாடியின்மேல் நிற்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இம்மீன் பாறையின் அடியைத் தோண்டிக் குடியிருப்பதால், மணலில் ஊன்றிய பாறை சரிந்து மீனையே நசுக்கக்கூடும். தாழ்வாக வைத்த பவளங்களின்மீது மணல் விழுவதையும் தவிர்க்க இயலாது. அவற்றை மேலே ஏற்றி வைப்பதே வழி. மிரண்டால் துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் தொட்டியை வலைமூடியால் மூடிவிடுங்கள்.

இது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. 200 லிட்டர் தொட்டியின் மணல் மட்டும் இதற்குச் சோறு போடாது. நாள்தோறும் பலமுறை உணவிட வீட்டில் ஆளில்லை என்றால், உடலில் வலு இருக்கும்போதே பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.