ஒசாகா எப்படித் தலைநகர் ஆகும்?

வணக்கம். ஜப்பானின் தொக்குகாவா காலத்தில் (1603-1868) பேரரசர் கியோட்டோவில் இருந்தார், படைத்தலைவரான ஷோகன் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்டார். இந்த இரண்டோடு ஒசாகாவையும் சேர்த்து ‘மூன்று தலைநகரங்கள்’ என்கிறார்களே, அரசன் இல்லாத வியாபார ஊரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?
- க.

அன்புள்ள க.,

கியோட்டோவைச் சட்டென்று முடித்துவிடலாம். 1615இல் ஷோகன் அரசு அரண்மனைக்கே சட்டம் போட்டது. அதன்பின் பேரரசரிடம் சடங்கும் கல்வியும் இருந்தன, ஆட்சி இல்லை.

ஒசாகா விஷயம் எடோவிலிருந்து தொடங்குகிறது. 1635 முதல் தைம்யோக்கள், அதாவது பிராந்தியப் பிரபுக்கள், ஓராண்டு எடோவிலும் மறு ஆண்டு சொந்த ஊரிலும் இருந்தாக வேண்டும். மனைவியும் வாரிசும் நிரந்தரமாக எடோவில். பச்சையாகச் சொன்னால் பிணைக்கைதிகள். மாளிகை, பரிவாரம், வழிப்பயணம் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். வரியோ அரிசியாக வந்தது.

ஜப்பான் கடலோரப் பகுதியான காகாவின் பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அரிசி ஜப்பான் கடலில் கப்பலேறி, ஷிமோனோசெக்கி நீரிணையைச் சுற்றி ஒசாகா கிட்டங்கிக்கு வரும். அங்கே ஏலம். எடுத்தவர் பணம் கட்டினால் கையில் கிடைப்பது மூட்டை அல்ல, சீட்டு. பெரும்பாலும் சீட்டுக்குப் பத்து கொக்கு (ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர்). அந்தச் சீட்டே ஒசாகாவின் அரிசிச் சந்தையான தோஜிமாவில் கைமாறும். ஒசாகாவில் புழங்கியது எடை பார்த்துக் கொடுக்கும் வெள்ளி, எடோவில் தங்கக் காசு. காசுக்கடைக்காரர்கள் உண்டியல் (வேறு ஊரில் பணமாக்கிக்கொள்ளும் சீட்டு) எழுதினார்கள். எடோ வியாபாரிகள் ஒசாகா சரக்குக்குத் தரவேண்டிய பாக்கியோடு அதை நேர்செய்ததால், பெட்டி பெட்டியாகப் பணத்தைச் சாலையில் தூக்கிப்போகும் வேலை குறைந்தது. எடோவின் செலவு ஒசாகாவில்தான் பணமானது என்பதால் என் கணக்கில் அதுவும் தலைநகர்தான்.

இதில் ஓட்டைகளும் உண்டு. கிட்டங்கியில் இல்லாத அரிசிக்கும் கடன்பட்ட பிரபுக்கள் சீட்டு எழுதினார்கள். 1761இல் அரசு தடை போட்டது. அரிசி விலை சரிந்தாலோ, அரிசியாகச் சம்பளம் வாங்கிய சாமுராய்க்கு வருமானமே சரியும். விலையைத் தூக்கி நிறுத்தத்தான் ஷோகன் யோஷிமுனே 1730இல் தோஜிமாவுக்கு முறைப்படி அனுமதி தந்தார்.

1862இல் கட்டாய வாசம் தளர்ந்து குடும்பங்கள் ஊர் திரும்பின. எடோ மாளிகைகள் காலியாயின. ஷோகன் ஆட்சி வீழ்ந்தபின், 1868இல் புதிய அரசின் தலைவர்களில் ஒருவரான ஒகுபோ தோஷிமிச்சி தலைநகரை ஒசாகாவுக்கு மாற்றவே யோசனை சொன்னார். மாஎஜிமா ஹிசோகா என்ற அதிகாரி மறுத்து எழுதினார்: ஒசாகாவில் அலுவலகங்களைப் புதிதாகக் கட்டவேண்டும், எடோவிலோ பிரபுக்களின் மாளிகைகள் தயாராக நிற்கின்றன.